மேப்பா, ஆடியோவா, தாயக்கட்டையா? வெத்துக்கரைக்கு ஆள் இஸ்துகினு போன கதை

மொதல்ல ஊரப் பத்தி சொல்லிடறேன். வெத்துக்கரைன்னு பேரு, நெசத்துல இல்ல, நானே கற்பனைல உண்டாக்குனது. அங்க ஒரு நாள் கடல் உள்வாங்கிப் போச்சு, திரும்ப வரவேயில்ல. ஹார்பர் இருக்கு, போட்டு இருக்கு, வலை இருக்கு, தண்ணி மட்டும் இல்ல. மீன்பிடி தடைக்காலத்துல காசிமேடு பக்கம் போய் நின்னிருக்கீங்களா, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், விசைப்படகு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒரசிக்கிட்டு கட்டிக் கெடக்கும், அந்த 61 நாள் முடியாமலே போனா இன்னா ஆவும்னு யோசிச்சதுல பொறந்த ஊரு.

அங்க யாரும் வணக்கம் சொல்ல மாட்டாங்க. "தண்ணி வந்துச்சா?"ன்னு கேப்பாங்க, எதுக்க இருக்கறவரு "வரும்"னு சொல்லணும். "வரல"ன்னு சொல்றது எழவு வீட்ல மட்டுந்தான்.

இந்த ஊருக்குள்ள நாலு பேர கூட்டிட்டுப் போக மூணு வழி ட்ரை பண்ணேன்.

மொதல் வழி எழுத்து. 34 பக்கம் பிடிஎஃப், கையால வரைஞ்ச மேப்பு, எந்த தெருவுல யாரு, உப்பு என்னா வெல, கடல் போன வருசத்துல இருந்து எண்ணுற காலண்டர், எல்லாம். மூணு மாசம் ராத்திரி தூங்காம பண்ணது. ஃப்ரெண்டுங்க பதினோரு பேருக்கு அனுப்பிச்சேன், முழுசா படிச்சது ரெண்டு பேரு, அதுல ஒருத்தன் ஐஸ் கம்பெனில வேல பாக்குறவன், அவன் சொன்னது: "மச்சி, நல்லாத்தான் கீது, ஆனா டென்த் சோசியல் புக்கு மாரி கீது, எப்ப எக்ஸாமு?" கோவம் வந்துச்சு, ஆனா அவன் சொன்னது கரெக்டு. அந்த "தண்ணி வந்துச்சா" விஷயம் 19ஆம் பக்கத்துல பழக்கவழக்கங்கள்னு தலைப்பு போட்டு எழுதி வெச்சிருந்தேன், ஒருத்தர் கண்லயும் படல.

ரெண்டாவது ஆடியோ. போர்வைய தலைக்கு மேல போத்திக்கிட்டு ஃபோன்ல பேசுனது, ஆடாசிட்டின்ற சவுண்டு எடிட்டிங் சாஃப்ட்வேர்ல வெட்டி ஒட்டுனது, செலவு சுத்தமா இல்ல. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டு கன்டெய்னர் லாரி ஹாரன்தான் பேஜாரு, ராத்திரி ரெண்டு மணிக்கும் விடாது. சவுண்டுக்கு மட்டும் தடைக்காலத்துல விடியகாலைல போய் படகு கயிறு இழுபடுற சத்தத்த புடிச்சேன், ஒரு மாதிரி முனகும் அது, அந்த ஒரு சத்தம் என் 34 பக்கத்துக்கு சமம்.

ஆரம்பம் எப்படின்னா, புயல் அறிவிப்பு படிக்கிற குரல்ல, "துறைமுகத்தில் 12ஆம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது", அவ்ளோதான், அடுத்து கயிறு சத்தம். நிஜத்துல கூண்டு 11 வரைக்கும்தான். கடலோரமா வளந்தவங்களுக்கு அது தெரியும், நான் எதையும் விளக்கல. 1938ல அமெரிக்காவுல ரேடியோ நாடகத்த நியூஸ் மாதிரியே வாசிச்சு செவ்வாய் கிரகத்துக்காரன் வந்துட்டான்னு பண்ணாங்களே, ஊரே தெறிச்சு ஓடுச்சுன்னு பேப்பர்காரங்க ஊதிப் பெருசாக்குனது வேற கத, ஆனா ஜனங்களுக்குப் பழகுன குரல எடுத்துக்கறதுங்கற அந்த வித்தை நெசம்.

ஐஸ் கம்பெனிக்காரன் அம்மா மீன் கழுவிக்கிட்டே கேட்டாங்களாம். அடுத்த நாள் என்னப் பாத்து, "ஏம்பா, கடல்லயே தண்ணி இல்ல, மீனு ஏது, அப்ப அந்த ஊர்ல கருவாட்டுக்கு இன்னா பண்ணுவாங்க?"ன்னாங்க. எனக்கு பதில் தெரில. 34 பக்கத்துல கருவாடே இல்ல! அன்னிக்கு நைட்டே எழுதுனேன், கடைசியா மிஞ்சுன ஒரே ஒரு வஞ்சிரக் கருவாட்ட கோயில் பெட்டில பூட்டி வெச்சிருக்காங்க, வருசத்துக்கு ஒரு நாள் தொறப்பாங்க, ஊரே வரிசைல வந்து மோந்து பாத்துட்டுப் போவும். இன்னி வரைக்கும் வெத்துக்கரைல எல்லாருக்கும் புடிச்ச விஷயம் அதான்.

ஆடியோல தொல்லையும் உண்டு. மாசி, மாரி, மாடன்னு மூணு பேரு வெச்சு தொலைச்சேன், யாரு செத்தாங்கன்னே பாதி பேருக்குப் புரியல, புரட்டிப் பாக்க பக்கம் கெடையாது இல்ல.

மூணாவது டேபிள். 1974ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டாந்த ரோல் பிளேயிங் கேம் வகை, ஒருத்தர் கத சொல்லுவாரு, மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரமா இருந்து நான் இத பண்றேன்னு சொல்லுவாங்க, முடியுமா முடியாதான்னு டைஸ் சொல்லும். அதுக்குன்னு இருக்கற 20 முக டைஸ் எங்ககிட்ட இல்ல, ஆயாவோட பித்தளை தாயக்கட்டை இருந்துச்சு, அதையே உருட்டுனோம். அது இன்னும் நல்லாவே அமைஞ்சுபோச்சு. 20 முக டைஸ்ல எந்த நம்பருக்கும் ஒரே சான்ஸ்தான். தாயக்கட்டைல மொத்தம் 16 விதமா விழலாம், அதுல மூணுங்கற நம்பரு நாலு தடவ வரும், தாயம் ரெண்டு தடவ, பன்னெண்டு ஒரே ஒரு தடவ. அதனால மூணு விழுந்தா "ஏதோ ஒப்பேத்திட்ட", பன்னெண்டு விழுந்தா மொட்டமாடியே அலறும். விதிமுறை சொல்லியே குடுக்கல, அத்தன பேரும் ஆயாகிட்ட சின்ன வயசுலயே கத்துக்கிட்டது.

அஞ்சு பேரு, ஞாயித்துக்கெழம சாயங்காலம், டீ, பஜ்ஜி. பெட்டில இருக்கற கருவாட்டத் திருடப் போறாங்க. பாதில கீழ்வீட்டு அண்ணன் பைக்க நவுத்தச் சொல்லி கத்துனாரு, ஒருத்தன் எழுந்து போய் நவுத்திட்டு வந்து குந்துனவுடனே "காவக்காரன் பாத்துட்டானா?"ன்றான். உலகத்துல இருந்து வெளிய வந்துட்டா மூடு போயிடும்னு ரொம்ப பேர் பயப்படறாங்க, தெருக்கூத்துல கோமாளி மாதிரி வர்ற கட்டியக்காரன் துரியோதனன் சபைல நின்னுக்கிட்டே நம்ம கவுன்சிலர கலாய்ப்பான், யாருக்கு மூடு போச்சு? பாரதக் கூத்துல துரியோதனன் சாகற படுகளத்தன்னிக்கு தரையில படுத்திருக்கறது மண்ணால பண்ண துரியோதனன்னு தெரிஞ்சேதான் ஜனம் சுத்தி நின்னு பாக்குது.

சரி, எது பெஸ்டு? என் வோட்டு டேபிளுக்கு, யோசிக்காம. ஆனா ஒரு தடவைக்கு அஞ்சு பேருதான், எனக்கு தொண்டை கட்டிக்கும், ஒருத்தன் வரலன்னா ஆட்டமே கேன்சல். நெறைய பேருகிட்ட போவணும்னா ஆடியோ. பிடிஎஃப் வேஸ்ட்டான்னா அதுவும் இல்ல, ஆடியோ நாலாவது எபிசோடுல உப்பு வெலய மாத்தி ஒளறினப்ப அதப் பாத்துத்தான் சரி பண்ணேன், அது எனக்கு மட்டும் வேண்டிய நோட்டு, அத ஊருக்கு காட்டுனதுதான் தப்பு. இப்ப புதுசா ஆரம்பிக்கறவங்க கேட்டா மொதல்ல அஞ்சு பேர குந்த வெச்சு ஆடுங்க, அவங்க கேக்கற கேள்விய ஆடியோ ஆக்குங்க, மேப்பு கடைசில வரைங்கன்னுதான் சொல்லுவேன். நான் தலைகீழா பண்ணி ஒரு வருசத்த விட்டேன்.

போன வாரம் எங்க தெருவுல தண்ணி லாரி லேட்டு, குடம் வரிசையா நிக்குது. பின்னாடி இருந்து ஒரு அக்கா "தண்ணி வந்துச்சா?"ன்னு கேட்டாங்க. ஐஸ் கம்பெனிக்காரன் மூஞ்சிய சீரியஸா வெச்சிக்கிட்டு "வரும்"னான். அக்கா விடல, "எப்ப வரும்?"ன்னாங்க. அவன் திரும்பி என்னப் பாக்குறான்.