லூடாக்ஸ் டிஎம்-50: சேற்றிலிருந்து கடல் நூற்புழுக்களைப் பிரிக்க வாங்கலாமா?

வாங்கலாம். உப்பை முழுக்கக் கழுவி எடுக்கும் பொறுமை இருந்தால் மட்டும்.

லூடாக்ஸ் என்பது நீரில் மிதக்கும் சிலிக்கா நுண்துகள்களின் கூழ்மம். டூபாண்ட் உருவாக்கியது, இன்று கிரேஸ் நிறுவனத்தின் சரக்கு. விலங்கியலுக்காகச் செய்ததல்ல. ஆனாலும் கடலடி வண்டலில் நூற்புழு ஆய்வு செய்யும் கூடங்களில் இது அன்றாடப் பொருள். காரணம் அடர்த்தி. நூற்புழு உடலின் அடர்த்தி ஏறக்குறைய 1.13, குவார்ட்ஸ் மணலுடையது 2.65. இரண்டுக்கும் நடுவே 1.18-இல் ஒரு திரவத்தை வைத்தால் புழு மேலே வரும், மணல் அடியில் தங்கும். சர்க்கரைக் கரைசலிலும் இந்த அடர்த்தியை எட்டலாம். ஆனால் அது புழுவின் உடல்நீரை உறிஞ்சிச் சுருக்கிவிடும். லூடாக்ஸில் அந்தச் சேதம் மிகக் குறைவு. உடல் அளவுகளை வைத்து இனம் பிரிப்பவருக்கு இதுவே பெரிய லாபம்.

டிஎம்-50-இன் அடர்த்தி 1.40. 450 மி.லி. லூடாக்ஸுடன் 550 மி.லி. காய்ச்சி வடித்த நீர் சேர்த்தால் 1.18 கிடைக்கும். லூடாக்ஸின் இன்னொரு வகையான எச்எஸ்-40 வாங்கினால் அதன் அடர்த்தி 1.30 தான், அதே ஒரு லிட்டருக்கு 600 மி.லி. செலவாகும். மற்றொரு வகையான ஏஎஸ்-40-இல் அம்மோனியா வாடை உண்டு, மூடிய அறைக்கு வேண்டாம். எதை வாங்கினாலும் கணக்கை மட்டும் நம்பாமல் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுப் பாருங்கள். ஒருமுறை பயன்படுத்திய கரைசலை வடிகட்டி மறுபடி எடுக்கலாம். ஆனால் வண்டலில் இருக்கும் நீர் கலந்து ஒவ்வொரு சுற்றிலும் அது நீர்த்துப்போகும். 1.13-ஐ நெருங்கினால் புழுக்களும் மணலோடு அடியில் போய்விடும், மேலே எதுவும் வராது.

செய்முறையில் பிழை நேரும் இடம் கழுவுவதுதான். ஃபார்மலின் இட்ட மாதிரியை 32 மைக்ரான் சல்லடையில் ஊற்றி, குழாய் நீரில் வாடை போகும்வரை கழுவ வேண்டும். கடல் உப்போ ஃபார்மலினோ மிச்சமிருந்தால் லூடாக்ஸ் கெட்டியாகிக் கூழாகிவிடும். அதற்குள் சிக்கிய புழுவை முழுசாக மீட்பது கடினம். டிஎன்ஏ வேலைக்காக டெஸ் திரவத்தில் வைத்த மாதிரிக்கு இன்னும் அதிகக் கவனம் வேண்டும். டெஸ் (DESS) என்பதே டிஎம்எஸ்ஓ, ஈடிடிஏ ஆகியவற்றோடு உப்பு நிறைசெறிவில் கரைந்த பாதுகாப்புத் திரவம்.

கழுவிய வண்டலைக் குழாயிலிட்டு, அதன் பருமனைப்போல நாலைந்து மடங்கு லூடாக்ஸ் ஊற்றி, கட்டியில்லாமல் கலக்குங்கள். சென்ட்ரிஃபியூஜில் எதிரெதிர்க் குழாய்களின் எடையைத் தராசில் சமன் செய்யுங்கள். திரவ மட்டத்தைக் கண்ணால் பார்த்துச் சமன் செய்தால் போதாது. நிமிடத்துக்கு 3000 சுழற்சியில் 10 நிமிடம் ஓட்டி, பிரேக் போடாமல் தானாக நிற்கவிடுங்கள். சட்டென்று நிறுத்தினால் அடிவண்டல் கலங்கி மேலே வரும். மேல்நீரைச் சல்லடையில் ஊற்றி எடுத்துவிட்டு, அதே வண்டலுக்குப் புது லூடாக்ஸ் ஊற்றி இன்னும் இருமுறை. மூன்று சுற்றும் அவசியம். முதல் சுற்றிலேயே பெரும்பகுதி வந்துவிட்டதாகத் தோன்றும், எண்ணிக்கை ஆய்வில் அந்த அவசரம் பிழையாகிவிடும்.

எல்லாம் மிதக்காது என்பதையும் தெரிந்து வாங்க வேண்டும். உடலில் மண்துகள் வளையங்களை ஒட்டிக்கொள்ளும் டெஸ்மோஸ்கோலெக்ஸ் வகைப் புழுக்கள் அடியில் தங்கலாம். ஓடுள்ள சிற்றுயிர்களான ஆஸ்ட்ரகாடுகள், ஃபொராமினிஃபெராக்கள், சின்னச் சிப்பிக் குஞ்சுகளும் அப்படியே. எனவே மிச்ச வண்டலை உயிரிகளை இளஞ்சிவப்பாக்கும் ரோஸ் பெங்கால் சாயமிட்டு நுண்ணோக்கியில் ஒருமுறை பார்க்காமல் கொட்டக்கூடாது. அலையாத்திக் காட்டுச் சேறு வேறு வகைத் தலைவலி. மக்கிய இலைத்தூள் புழுக்களோடு சேர்ந்தே மிதக்கும், அங்கே லூடாக்ஸ் பாதி வேலைதான் செய்யும். பருமணலுக்கோ இது தேவையே இல்லை. வாளியில் கலக்கி, மணல் படியும் சில நொடிகளில் நீரை இறுத்தாலே போதும்.

வேலை முடிந்ததும் சல்லடையைக் காயவிடாதீர்கள். உலர்ந்த லூடாக்ஸ் கண்ணாடிபோல் இறுகும், வலைக்கண் அடைந்தால் அந்தச் சல்லடை போனதுதான். புழுக்களையும் நன்றாக அலசுங்கள். ஒட்டிய சிலிக்கா, கிளிசரினுக்கு மாற்றியபின் ஸ்லைடில் வெண்படலமாகத் தெரியும். கையுறையும் புகைப்போக்கி மேசையும் வேண்டும். புட்டியை உறையவிடக்கூடாது, ஒருமுறை உறைந்தால் சிலிக்கா பிரிந்துவிடும், பின்னர் கரையாது. வாய்ப்பகுதியில் படியும் வெள்ளைப் பொருக்கு உள்ளே விழாமலிருக்க, ஊற்றுமுன் 32 மைக்ரானில் வடிகட்டுங்கள்.

மீன் குடலில் அனிசாகிஸ் போன்ற ஒட்டுண்ணிகளைத் தேடுபவருக்கு இந்தச் செலவு வீண். திசுவைக் கரைத்துப் புழுவை வெளிக்கொணரும் பெப்சின்-அமிலச் செரிப்பு முறை அவர்களுக்குப் பொருந்தும். ஆனால் இளம்பருவத்தில் கடல் முதுகெலும்பிலிகளின் உடலில் ஒட்டுண்ணியாக வாழ்ந்து, முதிர்ந்தபின் சேற்றில் தனித்துத் திரியும் பெந்திமெர்மிதிட் புழுக்கள் இதில் மேலே வரும்.