வாஷிங் மெஷினில் பொருத்தும் நுண்ணிழை ஃபில்டர்: ஒரு மதிப்புரை

வாஷிங் மெஷினின் அவுட்லெட் பைப்பில் இணைப்பதற்கென்று விற்கப்படும் நுண்ணிழை ஃபில்டர் ஒன்றைப் பல மாதங்கள் பயன்படுத்திப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். இந்தக் கருவியால் துணி கூடுதலாக வெளுப்பதில்லை. மின்சாரமோ சோப்புத்தூளோ மிச்சமாவதும் இல்லை. துவைத்த நீரோடு வெளியேறும் பாலியெஸ்டர், நைலான், அக்ரிலிக் இழைகள் சாக்கடை வழியாக ஆற்றைச் சென்றடையாமல் தடுப்பது ஒன்றே இதன் வேலை. ஆகவே ஆற்றிலும் மீனிலும் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லாமல் இதற்கு மதிப்பெண் போடுவது சரியாகாது.

5 மில்லிமீட்டருக்கும் சிறிய பிளாஸ்டிக் துகள்களையே மைக்ரோபிளாஸ்டிக் என்கிறோம். ஆற்று நீரை எங்கே அள்ளிச் சோதித்தாலும் அவற்றில் இழைகள் பெரும் பங்கு வகிப்பது வழக்கமாகக் காணப்படுகிறது. 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் உதிரக்கூடும் என்று பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் கணக்கிட்டார்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இவற்றைப் பிடித்துவிடாதா என்று கேட்கலாம். பெரும்பகுதியைப் பிடித்துவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் கிளாஸ்கோ நகருக்கு அருகே ஆய்வு செய்யப்பட்ட ஒரு பெரிய நிலையம், வந்து சேரும் துகள்களில் 98 சதவீதத்தை நீக்கிய பின்னும், நாளொன்றுக்குச் சுமார் 6.5 கோடி துகள்களை ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தது. பிடிபட்டவையும் மறைந்துவிடுவதில்லை, கசடோடு சேர்ந்துவிடுகின்றன, அந்தக் கசடு பல நாடுகளில் உரமாக வயலுக்குப் போகிறது, மழை பெய்யும்போது வயலிலிருந்து மீண்டும் ஓடைக்கு வருகிறது. சுத்திகரிப்பு நிலையமே இல்லாத ஊர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பாலியெஸ்டர் நீரைவிட அடர்த்தி மிகுந்தது என்பதால், கரையில் நின்று பார்க்கும் கண்ணுக்கு அதன் இழைகள் தென்படுவதில்லை. ஓட்டம் தணியும் இடங்களில் அவை வண்டலோடு படிந்துவிடுகின்றன. மான்செஸ்டர் பகுதி ஆறுகளின் படுகையை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, ஓரிடத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 5 லட்சத்துக்கும் அதிகமான துகள்கள் இருந்ததைப் பதிவு செய்தது. வண்டலைக் கிளறி இரை தேடும் மீன்கள் புழுவோடும் பாசியோடும் இந்த இழைகளையும் சேர்த்தே விழுங்குகின்றன. விழுங்கியவற்றில் பெரும்பாலானவை கழிவோடு வெளியேறிவிடும் என்றாலும், சில குடலில் சுருண்டு தங்குகின்றன. மிக நுண்ணிய துகள்கள் குடற்சுவரைக் கடந்து பிற உறுப்புகளுக்குச் செல்வதும் ஆய்வகங்களில் காணப்பட்டிருக்கிறது. பெரிய மீனைக் குடல் நீக்கிச் சமைக்கிறோம், சிறு மீன்களையோ பல சமயம் முழுதாகவே உண்கிறோம். அதே மான்செஸ்டர் ஆய்வில் எனக்கு நம்பிக்கையூட்டிய செய்தி ஒன்றும் உண்டு: ஒரு பெருவெள்ளம் படுகையில் கிடந்த துகள்களில் சுமார் 70 சதவீதத்தை அடித்துச் சென்றிருந்தது. அவை கடலுக்குப் போனது துயரமே. ஆனாலும் மேலிருந்து புதிதாக வந்து சேருவதை நிறுத்திவிட்டால் ஆறு தன் படுகையைத் தானே கழுவிக்கொள்ளும் என்பதை அது காட்டுகிறது. வரும் வழியிலேயே தடுக்க முயலும் இந்தக் கருவியின் மீது எனக்கு அக்கறை ஏற்பட்டதற்கு அதுவே காரணம்.

இனி கருவிக்கு வருகிறேன். உட்புறம் வெளியே தெரியும் ஓர் உருளை, திருகி மூடும் மூடி, உள்ளே மெல்லிய கண்ணிகள் கொண்ட வலை, இவ்வளவுதான். பம்ப் மூலம் நீரை வெளியேற்றும் மெஷின்களுக்கு மட்டுமே பொருந்தும். சுவரில் துளையிட்டு மாட்டிவிட்டால், பைப்பை இணைக்கும் வேலையைப் பிளம்பர் இல்லாமலேயே முடித்துக்கொள்ளலாம். அக்ரிலிக் போர்வை ஒன்றைத் துவைத்த பின் மூடியைத் திறந்தபோது, வலையில் களிமண்போல் குழைந்த சாம்பல் நிறப் படலம் ஒட்டியிருந்தது. அதைக் காயவிட்டு உரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், தலைமுடியைவிட மெல்லிய நீல, சிவப்பு இழைகள் பின்னிக் கிடப்பது தெளிவாகத் தெரிகிறது. பிடிக்க வேண்டியதைப் பிடிக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

என் மனக்குறை இரண்டு விஷயங்களில். வலையைக் குழாயடியில் கழுவும்படி கருவியோடு வந்த குறிப்பேடு சொல்கிறது. அப்படிக் கழுவினால், பிடித்து வைத்த இழைகள் அத்தனையும் அதே சாக்கடைக்குத்தான் போகும். கருவியை மாட்டியதன் நோக்கமே பாழாகிவிடும். வலையைக் காயவைத்து, படலத்தை உரித்து, மூடிய உறையில் போட்டுக் குப்பையோடு சேர்ப்பதே முறை. இதைக் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்க வேண்டிய நிறுவனம், நேர்மாறானதை அச்சிட்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இன்னொன்று, வலை அடைத்துக்கொண்டால் நீர் பின்னோக்கி வந்து வீட்டை நனைக்காதிருப்பதற்காகப் பக்கவழி ஒன்று வைத்திருக்கிறார்கள். பாதுகாப்புக்கு அது தேவைதான். ஆனால் நீர் வடிகட்டப்படாமல் அவ்வழியே போய்க்கொண்டிருக்கிறது என்பதை உணர்த்த ஒரு விளக்கோ ஒலியோ இல்லை. நாமே எட்டிப் பார்த்தால்தான் உண்டு. மூடியின் ரப்பர் வாஷரும் சற்றே மெலிதாக இருக்கிறது.

இத்தகைய கருவிகள் எல்லாம் ஒரே தரத்தில் இல்லை. 2020இல் பிளிமத் ஆய்வாளர்கள் 6 கருவிகளை ஒப்பிட்டபோது, சிறந்தது 78 சதவீத இழைகளைக் குறைத்தது. வேறு சில கால்வாசி அளவிலேயே நின்றுவிட்டன. ஒரு வீட்டில் மாட்டி என்ன பயன் என்போருக்குக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துப் பாரி சவுண்ட் ஊரைக் காட்டலாம். அங்கே 97 வீடுகளில், அதாவது சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்த வீடுகளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கில், ஃபில்டர் பொருத்திய பின், நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் இழைகள் 41 சதவீதம் குறைந்திருந்தன. புதிய மெஷின்களிலேயே இதைச் சேர்க்க வேண்டும் என்று பிரான்ஸ் 2020இல் சட்டம் இயற்றியதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். வாங்குவோரின் ஆர்வத்தை மட்டும் நம்பி விட்டுவிடக்கூடிய காரியம் இதுவன்று. டயர் தேய்மானத்தால் மழைநீரோடு ஆற்றில் கலக்கும் துகள்களை இந்தக் கருவி தொடக்கூட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

செயற்கை இழைத் துணிகளை அதிகம் துவைக்கும் வீடுகளுக்கும், வலையைத் தவறாமல் எடுத்து உலர்த்தப் பொறுமை உள்ளவர்களுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பெரும்பாலும் பருத்தியே உடுத்துபவர்களுக்கு இது அவசரத் தேவையன்று. மெஷினை நிறையத் துணியிட்டு, குளிர்ந்த நீரில், குறுகிய சுழற்சியில் ஓட்டினாலே அவர்கள் வீட்டிலிருந்து உதிர்வது கணிசமாகக் குறைந்துவிடும். வாங்குபவர்கள் மாற்று வலை தனியாகக் கிடைக்கிறதா என்பதைக் கடையிலேயே கேட்டுக்கொள்ளட்டும். ஒன்று காயும்போது மற்றொன்றை மாட்டும் வசதி இல்லாவிட்டால், அவசரத்தில் வலையில்லாமலே துவைக்கும் பழக்கம் வந்துவிடும்.