‘ஏசி காஸ் இறங்கிட்டு’ என்று சொன்னால் உடனே பணத்தை எடுக்காதீங்க: திருகோணமலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

இடமாற்றம் கிடைத்து மே மாத நடுவில் ஹற்றனிலிருந்து திருகோணமலைக்கு வந்தோம். ஹற்றன் வீட்டில் ஃபேனே கிடையாது. ராத்திரியில் கம்பளி இல்லாமல் நாங்கள் தூங்கினதும் இல்லை. இங்கே உவர்மலையில் கிடைத்தது மாடி வீடு. தலைக்கு மேல் கொங்கிரீட் சிலெப், மேற்குப் பக்கம் நிழலே விழாத முழுச் சுவர். வெளியே கச்சான் காற்று. மலையில் எங்களுக்கு மழையாகக் கொட்டுகிற அதே தென்மேற்குக் காற்றுதான், ஈரத்தையெல்லாம் அங்கே விட்டுவிட்டு இந்தப் பக்கம் அனலாக இறங்குகிறது. பகல் முழுக்க வெயில் குடித்த சிலெப் ராத்திரி பதினொரு மணிக்கும் சூட்டைக் கீழே விட்டுக்கொண்டிருக்கும். நாலு வயது மகளுக்குக் கழுத்து, முதுகு எல்லாம் வேர்க்குரு. சொறிந்து சொறிந்து அழுவாள். அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டுதான் அவசரப்பட்டோம்.

கடையில் புது ஏசி விலை எட்டவில்லை. தெரிந்த ஒருவர் மூலம் ஏசி பூட்டுகிற பாஸ் ஒருவர் வந்தார். “கொழும்பில ஒரு வெள்ளைக்காரர் ஒரு வருஷம்தான் பாவிச்சவர் மிஸ். 12,000 பிடியு, இன்வேர்ட்டர். பூட்டிறதோட ஒண்டு நாப்பத்தஞ்சு” என்றார். பிடியு என்றால் குளிர வைக்கும் திறனின் அளவு. 1,45,000 ரூபாயையும் கையிலேயே கொடுத்தோம். பில் கேட்டதற்கு, “நாளைக்குக் கொண்டு வாறன்” என்றார். இரண்டு மணித்தியாலத்தில் பூட்டி முடித்துவிட்டுப் போய்விட்டார். அன்று ராத்திரி பிள்ளை விடியும்வரை அசையாமல் தூங்கினாள். அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. ஏசி நின்று திரும்ப ஓடத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அறை பல்ப் ஒரு நொடி மங்கி எழும்பும். அப்போது எனக்கு அதன் அர்த்தம் தெரியாது. இன்வேர்ட்டர் மெஷினின் கொம்பிரசர் மெதுவாகத் தொடங்கி, அறை குளிர்ந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும். ‘டக்’ என்று நின்று ‘டக்’ என்று தொடங்கி வெளிச்சத்தை மங்க வைப்பது பழைய வகை. வாங்குவதற்கு முன் அரை மணித்தியாலம் ஓட விட்டுப் பாருங்கள், இந்த ஒன்றே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒன்பதாம் நாள் குளிர் விட்டுப்போனது. பல்கனியில் எட்டிப் பார்த்தால் வெளி யூனிட்டுக்குப் போகும் மெல்லிய குழாயில் வெள்ளையாக ஐஸ் படிந்திருந்தது. பாஸ் வந்தார். “காஸ் இறங்கிட்டு மிஸ், அடிச்சாச் சரி.” 12,000 ரூபாய். மூன்று வாரத்தில் திரும்பவும் அதே ஐஸ், அதே பேச்சு, இன்னொரு 12,000. மூன்றாவது முறை ஆடிப் பிறந்த பிறகு. அன்று கொண்டு வந்த சிலிண்டரில் பெயரே இல்லை. என்ன காஸ் என்று கேட்டேன். “எல்லாம் ஒண்டுதான் மிஸ்” என்றார். நாலாவது முறை அவர் ஃபோனே எடுக்கவில்லை.

இதை எழுதுவதே இந்த இடத்துக்காகத்தான். ஏசி காஸ் பெற்றோல் மாதிரி எரிந்து தீர்கிற சாமான் இல்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பது. குறைந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைத் தேடி அடைக்காமல் காஸ் அடிக்கிறவர் உங்கள் பணத்தைக் காற்றில் விடுகிறார்.

அதற்குள் கரண்ட் பில்லும் வந்தது. அறை குளிராததால் மெஷின் நிற்காமல் ஓடியிருக்கிறது. மணித்தியாலத்துக்கு ஒரு அலகு என்று வைத்தாலும், இரவுக்கு எட்டு மணித்தியாலம் ஓடினால் மாதம் 240 அலகு ஏசிக்கு மட்டும். மின்சார சபையின் அப்போதைய கணக்கில் 180 அலகைத் தாண்டினால் அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு அலகுக்கும் ஆகக் கூடின கட்டணம். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நானும் கணவரும் நெடுநேரம் பேசாமல் இருந்தோம்.

பக்கத்து வீட்டு அன்ரி வேறொரு தம்பியைக் கூட்டி வந்தார். அவர் காஸைப் பற்றிப் பேசவே இல்லை. முதலில், “ஏசி வயர் எங்கயிருந்து வருது அக்கா?” என்று கேட்டார். அலுமாரியை நகர்த்தினோம். பின்னால் இருந்த பிளக் பொயின்ட்டின் ஒரு மூலை தேயிலைச் சாயம் மாதிரி பழுப்பாகி, பிளாஸ்டிக் உருகி வழிந்து திரும்ப இறுகியிருந்தது. தனி பிரேக்கர் இல்லை. அந்த பாஸ் மெல்லிய வயர் இரண்டை முறுக்கி டேப் சுற்றியிருந்தார். எர்த் வயர் எங்கும் தொடுக்காமல் தொங்கியது. “ஓடேக்க அஞ்சாறு அம்பியர்தான் அக்கா. தொடங்கிற நேரம் அதுக்குப் பல மடங்கு இழுக்கும். லூஸ் ஜொயின்ட் அதைத் தாங்காது” என்றார். அந்தச் சுவரோடு ஒட்டித்தான் பிள்ளையின் மெத்தை போட்டிருந்தது. மூன்று மாதம் அதில்தான் அவளைப் படுக்க வைத்தேன். காசு போனதைவிட அதுதான் இன்னும் நெஞ்சை அடைக்கிறது.

பிறகு வெளி யூனிட்டைக் கழற்றினார். குழாயைக் கத்தியால் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை அலுமினியம். குழாய் முனையில் நட்டுக்குள் உட்காருகிற விரித்த வாய் வெடித்திருந்தது. கசிவு அங்கேதான். பூட்டின அன்று வேக்கியூம் பம்ப் போட்டாரா என்று கேட்டார். அப்படி ஒரு சாமானையே நாங்கள் பார்க்கவில்லை. குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் அது உறிஞ்சி எடுக்க வேண்டுமாம், குறைந்தது கால் மணித்தியாலமாவது ஓட வேண்டுமாம். கடைசியாகப் பக்கவாட்டில் காஸ் வகை ஆர்-32 என்று ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார். அடியில் பெயின்ட் பூசின பழைய தகடு. பெயின்டைத் துடைத்தால் ஆர்-22. ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று 1987 மொன்றியல் உடன்படிக்கையின்கீழ் படிப்படியாக நிறுத்தி வருகிற காஸ் அது. தகட்டில் அந்தப் பெயர் இருந்தால் மெஷின் ஒரு வருஷப் பழசு இல்லை, பல வருஷப் பழசு. ஆர்-32 அதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் வேலை செய்வது, தீயும் பிடிக்கக் கூடியது. இரண்டும் ‘ஒண்டு’ இல்லவே இல்லை. பின்பக்கத் தகடுகளைக் கடல் உப்பு அரித்திருந்தது. விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. இந்த ஊரில் பழைய யூனிட் வாங்குகிறவர்கள் முன்பக்கப் பளபளப்பைப் பார்க்காமல் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள்.

முறைப்பாடு செய்யலாம் என்றால் கையில் பில் இல்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் விற்கிறவர் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும். அதிகார சபையின் இலக்கம் 1977. இதெல்லாம் பணம் கொடுத்த பிறகு தெரிந்துகொண்டது. நீங்கள் முதலிலேயே பில்லில் மொடல், சீரியல் நம்பர், காஸ் வகை மூன்றையும் எழுதி வாங்குங்கள். நாளைக்குத் தருகிறேன் என்றால் பணத்தையும் நாளைக்கே கொடுங்கள். அறிமுகப்படுத்தியவர் வெட்கப்பட்டு நடுவில் நின்று பேசினதால் எங்களுக்கு 25,000 திரும்பி வந்தது. அவ்வளவுதான்.

இப்போது ஏசி இல்லை. பல்கனியில் மேற்குப் பக்கம் கிடுகு கட்டினோம். வீட்டுக்காரரிடம் கேட்டு சிலெப்பின் மேல் வெள்ளை பூசினோம். மாலையில் பொழுது சாய்ந்ததும் மேலே ஏறித் தண்ணீர் ஊற்றுகிறோம். பிள்ளைக்கு வேர்க்குரு குறைந்திருக்கிறது. அடுத்த வருஷக் கச்சானுக்கு முன் புதுசு ஒன்று வாங்கச் சேமிக்கிறோம். தனி வயர், பிரேக்கர், எர்த் மூன்றையும் அந்தத் தம்பி இப்போதே போட்டுத் தந்துவிட்டார்.

போன கிழமை அந்த பாஸ் ஒரு பையனை அனுப்பினார். பழைய மெஷினை 15,000க்கு எடுத்துக்கொள்கிறாராம். எங்களுக்கு அந்தக் காசு தேவைதான். ஆனால் இன்னொரு முறை பெயின்ட் பூசி இன்னொரு பிள்ளையின் அறையில் மாட்டுவார் என்று தெரிந்தபின் எப்படிக் கொடுப்பது? பையனை வெறுங்கையோடு அனுப்பிவிட்டோம். மெஷின் படிக்கட்டுக்கடியில் கிடக்கிறது. உரித்த ஸ்டிக்கரை ஒரு கவரில் போட்டு அதோடேயே கட்டி வைத்திருக்கிறேன்.