உவர்மலைக் காத்தும் எலான் காரின்ட கண்ணும்: 11 வருசக் கதை

மாமா 2014ல பிள்ளைகளோட வெளிநாடு போகேக்க வீட்டுச் சாவியோட சேத்து இந்தக் கார் சாவியையும் என்ட கையில தந்துட்டுப் போனார். 1970 லோட்டஸ் எலான் பிளஸ் 2, பழைய ஸ்ரீ நம்பர், வெள்ளைக் கார். அண்டைக்கு இருந்து இண்டைக்கு வரைக்கும் இந்தக் கார் எனக்குத் தந்த தலையிடியில பாதிக்கு மேல முன்னுக்கு மூடித் திறக்கிற லைட்டாலதான். என்ஜினப் பத்தி, பிரேக்கப் பத்தி எல்லாம் இன்னொரு நாள் எழுதுறன், இது லைட்டுக்கு மட்டும்.

தெரியாத ஆக்களுக்குச் சொல்றன். இந்தக் காருல லைட்ட எழுப்புறதுக்கு மோட்டர் கிடையாது, வயர் கிடையாது, என்ஜின் மூச்சு இழுக்கேக்க வாற உறிஞ்சு சக்தியில, அதாவது வாக்குவத்துல எழும்புது. இன்டேக் மெனிபோல்ட்ல, அதாவது என்ஜினுக்குக் காத்துப் போற குழாய்ல இருந்து ஒரு ரியூப் போகும், நடுவுல ஒரு பக்கம் மட்டும் காத்து விடுற வால்வு, அங்கால வாக்குவத்தச் சேத்து வைக்கிற ஒரு தாங்கி (டாங்க்), தாங்கில இருந்து டாஷ்ல இருக்கிற நொப்புக்கு (இழுக்கிற குமிழ்), நொப்புல இருந்து முன்னுக்கு லைட்டத் தூக்குற டப்பாவான அக்சுவேட்டருக்கு. நொப்ப இழுத்தா அக்சுவேட்டருக்குள்ள இருக்கிற றபர் சவ்வ வாக்குவம் இழுக்கும், லைட் எழும்பும். நொப்ப உள்ள தள்ளினா வெளிக்காத்து உள்ள போய் ஸ்பிரிங் லைட்டக் கீழ இழுத்துடும். இதுக்குத் தலைகீழான முறையும் இருக்கு, பிந்தி வந்த எலான்கள்ல வாக்குவம் லைட்டக் கீழ பிடிச்சு வச்சிருக்கும், வாக்குவம் போனா ஸ்பிரிங் மேல தூக்கிடும், அது பாதுகாப்பான யோசின. என்ட கார் பழைய முறை, வாக்குவம் போனா கண்ண மூடும். உங்கட காருல எந்த முறை எண்டு முதல்ல பாத்துக்கொள்ளுங்க, ஏனெண்டா ரெண்டுலயும் ஒரே ஓட்டைக்கு நேர் எதிரான அறிகுறிதான் வரும். அந்த மற்ற முறைக் கார் ஒழுகினா இரவு மூடிட்டுப் படுத்து விடிய எழும்பிப் பாக்க கண் முழிச்சுக்கொண்டு நிக்கும்.

இந்தக் கோளாறு எனக்கு முதல் தரம் தெரிய வந்தது 2015ல. கொழும்புல ஒரு கலியாண வீடு முடிச்சு இரவோட இரவா வாறம், ஹபரணை தாண்டி கல்ஓயாச் சந்திக்குக் கிட்ட, ரெண்டு பக்கமும் காடு, யானை குறுக்கால போற இடம். முன்னுக்குப் போன லொறிய வெட்டி எடுக்க அக்சலேட்டர முழுசா அமத்தினன், லொறிக்குப் பக்கத்துல போகேக்க வெளிச்சம் மெல்ல மெல்லக் கீழ இறங்கி றோட்டுல பம்பருக்கு முன்னால விழுந்திச்சு, பிறகு இல்ல. மனிசி "என்னப்பா, லைட்ட ஏன் நூத்தனீங்க"ன்டு கேக்கிறா, நான் என்னத்தச் சொல்ல. கால எடுத்தன், ரெண்டு செக்கன்ல லைட் பழையபடி எழும்பிட்டு. அதுக்குப் பிறகு கந்தளாய் வரைக்கும் லொறிக்குப் பின்னாலயே 40ல வந்தன்.

இது ஏன் எண்டு இப்ப விளங்குது. என்ஜின் சும்மா ஓடேக்க திறொட்டில் (காத்துப் போற வழிய மூடித் திறக்கிற தகடு) மூடி இருக்கும், அப்ப மெனிபோல்ட்ல வாக்குவம் நல்லா இருக்கும். முழுசா அமத்தினா திறொட்டில் திறந்துடும், வாக்குவம் ஏறக்குறையப் பூச்சியம். அந்த நேரம் லைட்டத் தூக்கிப் பிடிக்கிறது தாங்கில சேத்து வச்ச வாக்குவம்தான். அது ஒழுகினா லைட் விழும். நல்ல நிலையில இருக்கிற காருல என்ஜின நிப்பாட்டின பிறகும் ரெண்டு மூண்டு தரம் லைட்ட ஏத்தி இறக்கலாம். எனக்கு என்ஜின் நிண்டு ஒரு நிமிசத்துக்குள்ள லைட் படுத்துடும். திருகோணமலை உவர்மலை ஏத்தத்துல வீட்டுக்கு ஏறேக்கயும் படுக்கும், பக்கத்து வீட்டுப் பெடியன் "அங்கிள் கார் நித்திர கொள்ளுது"ன்டு கத்துவான்.

ரெண்டு வருசம் நான் பிழையான இடத்துலதான் நோண்டினன். கார் ஐடில்ல (நிண்ட இடத்துல சும்மா ஓடேக்க) நடுங்கும், ஒரு சிலிண்டர் சரியா வேலை செய்யாத மாதிரி. போன கராஜ்ல எல்லாம் காபரேட்டர்தான்ன்டு சொன்னாங்க, வெபர் காபரேட்டர் ரெண்டையும் கழட்டிக் கழுவி, ஜெட் மாத்தி, திரும்பக் கழட்டி, காசு போனது மிச்சம். உண்மை என்னெண்டா, இந்த 1558 சிசி ட்வின்காம் என்ஜின்ல ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி வாய், லைட்டுக்குப் போற ரியூப் அதுல ஒரு வாய்லதான் இணைஞ்சிருக்கு. லைட் லைன்ல ஓட்டை எண்டா அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் மேலதிகமாக் காத்துப் போகும், அது மட்டும் காஞ்சு எரியும். ஐடில் நடுக்கமும் லைட் விழுறதும் ஒரே வருத்தம். ரியூப மெனிபோல்ட் பக்கத்துல கழட்டி வாய அடைச்சுட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, நடுக்கம் போனா காபரேட்டரத் தொடாதீங்க. இந்த ஒரு சோதனைக்கு அஞ்சு நிமிசம், செலவு ஒரு போல்ட்டு. எனக்கு ரெண்டு வருசம் போனதே.

2017ல மச்சான் ஒருத்தன் கேஜோட இருக்கிற கைவாக்குவம் பம்ப் ஒண்டு கொண்டுவந்து தந்தான். இது இல்லாம இந்த வேலையில இறங்காதீங்க. செய்யிற முறை லேசு, முழு லைன ஒண்டாப் பாக்காம துண்டு துண்டாப் பிரிச்சு, ஒவ்வொண்டுலயும் கேஜ்ல 15 இஞ்ச் (பாதரச அளவு) வரைக்கும் இழுத்துட்டு ஒரு பிளேன்டி குடிச்சுட்டு வந்து ஊசியப் பாக்கிறது. அதுக்கு முதல் என்ஜின நிப்பாட்டிட்டு லைட்டக் கையால தூக்கிப் பாருங்க, கடலோரத்துல லைட் திரும்புற பிவட் இறுகிக் கிடந்தா எவ்வளவு வாக்குவம் இருந்தும் எழும்பாது, எனக்கு ஒரு பக்கம் அப்படித்தான் இருந்திச்சு, கிறீஸ் போட்டு ஆட்டி ஆட்டி எடுத்தன்.

வால்வு வாயால ஊதிப் பாத்தாலே தெரியும், ஒரு பக்கம் போகோணும் மற்றப் பக்கம் போகப்படாது. என்டது ரெண்டு பக்கமும் போச்சு. ரியூப் எல்லாம் காஞ்சு பிஸ்கட் மாதிரி உடைஞ்சிச்சு. அதுக்கு நான் செஞ்ச முட்டாள் வேலை, டவுன்ல மீன்தொட்டிக்குப் போடுற பிளாஸ்டிக் ரியூப் வாங்கிப் போட்டது. குளிரா இருக்கேக்க அற்புதம், என்ஜின் சூடாகினதும் இளகி உள்ளுக்கு ஒட்டிட்டு, காத்தே போகாது. மெல்லிசு சிலிக்கோன் ரியூப்பும் அப்படித்தான் சப்பையாகும். வாக்குவத்துக்கெண்டே வாற தடிப்புச் சுவர் ஹோஸ்தான் சரி.

ஹோஸ், வால்வு எல்லாம் மாத்தியும் ஊசி இறங்குது. அக்சுவேட்டர் தனியப் பாத்தன், பிடிச்சுது. நொப் பிடிச்சுது. மிச்சம் தாங்கி. தாங்கி எங்கன்டு தேடின கதைதான் கதை. பொனட்டுக்குள்ள ஒரு டின்னும் இல்ல. ரியூப் நேரா செசிக்குள்ள, அதாவது காரின்ட அடிச்சட்டத்துக்குள்ள போகுது. பாத்தா, எலான்ல செசியின்ட முன் குறுக்குச் சட்டமே தாங்கி. பெட்டி மாதிரி மூடி ஒட்டின இரும்பு, அதுக்குள்ள இருக்கிற வெத்திடத்தையே வாக்குவம் சேக்கிற இடமாப் பாவிச்சிருக்காங்க. இத டிசைன் பண்ணின ரொன் ஹிக்மன்தான் பிறகு வேர்க்மேட் எண்ட மடிக்கிற தச்சு மேசையக் கண்டுபிடிச்ச மனுசன், ஒரு சாமானுல ரெண்டு வேலை வாங்குற புத்தி அப்பவே இருந்திருக்கு. இங்கிலாந்துல புதுக் காருக்கு அது கெட்டித்தனம். திருகோணமலையில, அதுவும் மூண்டு பக்கம் கடல் காத்து அடிக்கிற உவர்மலையில, பேரிலயே உவர் இருக்கிற இடத்துல 40 வருசத்துக்கு மேல நிண்ட காருக்கு? ஹோஸக் கழட்டிக் காரின்ட பின்பக்கத்த ஜாக்குல தூக்கினன், தேத்தண்ணி நிறத்துல கறல் தண்ணி ஒழுகிச்சு.

ஓட்டை எங்கன்டு தெரியோணுமே. சோப்புத் தண்ணி வாக்குவத்துக்கு உதவாது, உள்ளுக்கு இழுத்துடும். நுளம்புத்திரி கொளுத்திப் புகை எந்தப் பக்கம் வளையுதுன்டு பாக்கிற யோசினையும் வந்திச்சு, பெற்றோல் மணக்கிற கராஜ்ல அத நினைச்சதுக்கே எனக்கு அடிக்கோணும். கடைசியில வழி சொன்னது சைக்கிள் கடை ஐயா. "தம்பி, ரியூப்புக்குப் பஞ்சர் பாக்கிற மாதிரி உள்ளுக்குக் காத்த அடிச்சுப் பாருமன்" எண்டார். அக்சுவேட்டரையும் நொப்பையும் கழட்டி விலக்கி வச்சுட்டு, இல்லாட்டிச் சவ்வு கிழிஞ்சுடும், சைக்கிள் பம்பால நாலு அடி மெல்ல அடிச்சு, சோப்பு நுரையப் பூசினா, சஸ்பென்சன் கோபுரம் குறுக்குச் சட்டத்துல வந்து சேருற அடிப் பக்கத்துல வரிசையாக் குமிழி. விரலால அமத்தினன், இரும்பு பப்படம் மாதிரி உள்ள போச்சு.

இதுலதான் எனக்கும் கராஜ் பாஸுக்கும் வாக்குவாதம். அவர் "அண்ணே செசிய விடுங்க, வேற தாங்கி ஒண்டு வச்சா லைட் வேலை செய்யும்" எண்டார். லைட் வேலை செய்யும், சரி. ஆனா அந்த இரும்புலதான் முன் சில்லு ரெண்டும் தொங்குது. லைட் விழுந்தது நல்ல காலம்ன்டுதான் சொல்லுவன், அது விழாட்டி ஒரு நாள் சில்லு விழுந்திருக்கும். முன்பக்கத்தப் பிரிச்சு, உக்கின இரும்ப வெட்டிப் புதுத் தகடு வச்சு ஒட்டினம், ரெண்டு மாசம் கார் கல்லுல நிண்டுது. காரின்ட பொடி (பாடி) பைபர்கிளாஸ், அதால பக்கத்துல வெல்டிங் பிடிக்கேக்க ஈரச் சாக்கும் தண்ணி வாளியுமா ஒராள் நிக்கோணும்.

அதுக்குப் பிறகு தாங்கியையும் வேறயாக்கினன். 4 இஞ்ச் எஸ்லோன் (பிவிசி) பைப், தடிப்பானது, ஒண்டரை அடி, ரெண்டு பக்கமும் மூடி ஒட்டி, பித்தளை நிப்பிள் ரெண்டு. கிட்டத்தட்ட மூண்டரை லீற்றர் பிடிக்கும். எக்ஸோஸ்ட் சூடு படாத பக்கமா முன் மூக்குக்குள்ள கட்டினன். பழசு பழசாவே இருக்கோணும்ன்டு நிக்கிற ஆக்கள் என்ன ஏசுவாங்க, பரவாயில்ல. ஏனெண்டா இதால கிடைச்ச லாபம் லைட் இல்ல. வாக்குவத்துக்காக மூடியே இருக்கோணும்ன்டு கிடந்த குறுக்குச் சட்டத்துல இப்ப தண்ணி வடிய ஓட்டை போடலாம், உள்ளுக்கு எண்ணெய் அடிக்கலாம். வருசா வருசம் ஐப்பசி மழைக்கு முந்தி அடிக்கிறன், தை மாசம் பாத்தா காஞ்சு கிடக்கு.

அதுக்குப் பிறகு அஞ்சு வருசம் ஒரு பிரச்சினையும் இல்ல. 2022ல பெற்றோல் இல்லாம கியூவுல நிண்ட காலம், கார் எட்டு மாசம் அசையேல்ல, எடுத்துப் பாத்தா லைட் அரைக்கண்ணுல நிக்குது. இந்த முறை பம்ப் இருந்ததால அரை மணித்தியாலத்துல பிடிச்சுட்டன், அக்சுவேட்டர் சவ்வு மடிப்புல வெடிச்சிருக்கு. இங்கிலாந்துல புதுசாச் செஞ்சு விக்கிறாங்க, சொந்தக்காரர் ஒராள் வரேக்க கொண்டுவந்தார். ஓடாம நிப்பாட்டி வச்சா றபர் ஒரே மடிப்புல இறுகிடும், அதால இப்ப ஓடாட்டியும் கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி பத்துத் தரம் ஏத்தி இறக்கிறன். மனிசிக்கு இது விசர் வேலை.

மோட்டர் போட்டா என்னன்டு கேக்கிற ஆக்கள் கனக்க. போடலாம்தான், 1989ல வந்த மஸ்டா எம்எக்ஸ் 5 லைட் மோட்டரால எழும்புது, ஓடிக்கொண்டு இருக்கேக்க விழாது. ஆனா மோட்டர், றிலே, கியர் எல்லாத்துக்கும் இந்த உப்புக் காத்து என்ன செய்யும்ன்டும் யோசிங்க. இதுல கெடக்கிறது றபரும் ஓட்டையும் மட்டும், சைக்கிள் பம்பால பாக்கலாம். என்ட ஆசை மற்ற முறைக்கு மாத்துறதுதான், வாக்குவம் போனா கண் திறக்கிற முறை, ஹபரணை இரவு இன்னும் மறக்கேல்ல. ஸ்பிரிங்கையும் ரியூப் போற வழியையும் மாத்தோணும், இன்னும் கை வைக்கேல்ல. அதுவரைக்கும் லைட்டுக்கு முண்டு குடுக்க ரெண்டு பலகைத் துண்டு டிக்கிக்குள்ள கிடக்கு.

போன கிழமை பாத்த கணக்கு: என்ஜின நிப்பாட்டி 20 நிமிசத்துக்குப் பிறகு மூண்டு தரம் முழுசா எழும்பிச்சு, நாலாம் தரம் பாதி. போன வருசம் நாலு தரமும் எழும்பினது. நொப்புக்குப் பின்னால காத வச்சா மெல்லிசா ஒரு சீறல் கேக்குது. கச்சான் காத்து கொஞ்சம் அடங்கட்டும், கழட்டிப் பாப்பம்.