மூட்டுகளில் நுழையும் தண்ணீர்: மிச்சிகனில் ஒரு டிரெய்லருடன் சில ஆண்டுகள்

காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டுவண்டியான டிராவல் டிரெய்லர் வாங்க நினைக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் கட்டிலின் அளவு, ஏசியின் திறன், சமையல் மேடையின் நீளம். கூரை மேல் ஏறிப் பாருங்கள் என்பதுதான் என் பதில். மிச்சிகனில் குடும்பத்தோடு ஒரு டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஏரிக்கரைகளில் திரிந்த அனுபவத்தில் சொல்கிறேன், இந்த வண்டிகளின் ஆயுளைத் தீர்மானிப்பது தண்ணீர்.

எங்கள் வண்டிக்கு மரச்சட்டம், ஃபைபர்கிளாஸ் ஒட்டிய சுவர், ரப்பர் விரிப்புக் கூரை, வண்டியை நிறுத்தியதும் பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப்பகுதியான ஒரு ஸ்லைடு. பனிக்காலம் முடிந்து திறந்தபோது, கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் மஞ்சள் கறை தெரிந்தது. விரலால் அழுத்தினால் பலகை உள்வாங்கியது. கூரை விரிப்பை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. கூரையும் பக்கச்சுவரும் சேரும் விளிம்பில் ஓர் அலுமினியப் பட்டை ஓடும். அதன் திருகாணிகளை மூடும் வினைல் நாடா வெயிலில் சுருங்கி விலகியிருந்தது. பட்டையைக் கழற்றியபோதுதான் உண்மை தெரிந்தது: அடியில் முழு நீளத்துக்கும் இருக்க வேண்டிய, நீரைத் தடுக்கும் ஒட்டுநாடாவான பியூட்டைல் டேப் ஒரு முழம் அளவுக்கு இல்லவே இல்லை. தொழிற்சாலையிலேயே விட்டுப்போன இடம் அது. அங்கே நுழைந்த மழைநீர் சட்டத்தின் வழியாக ஓடி, சில அடி தள்ளிக் கறையாக வெளிப்பட்டிருக்கிறது. கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலே சீலன்ட் என்ற அடைப்புப் பசையைப் பூசிவிட்டு ஒழுகல் நின்றுவிட்டதென்று நம்புகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

விற்பனையாளரிடம் போனோம். ஓராண்டு உத்தரவாதம் முடிந்துவிட்டது என்றார்கள். பயனர் கையேட்டில், சீலன்ட் பூசிய எல்லா இடங்களையும் 90 நாளுக்கு ஒருமுறை உரிமையாளரே சோதிக்க வேண்டும் என்ற வரி இருப்பதையும் காட்டினார்கள். பட்டைக்கு அடியில் ஒளிந்திருக்கும் குறையை எந்தச் சோதனையில் கண்டுபிடிப்பது? அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை. கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வட அமெரிக்காவில் தயாராகும் இவ்வகை வண்டிகளில் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில் உருவாகிறது. அங்கே பல தொழிற்சாலைகளில் ஊதியம் வண்டி எண்ணிக்கைக்குத்தான். அன்றைய எண்ணிக்கை முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். உழைப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்த முறையில் வேகத்துக்குக் காசு உண்டு, நின்று சரிபார்ப்பதற்குக் கிடையாது. 2021இல் மட்டும் ஆர்வி எனப்படும் பயண வீட்டுவண்டிகள் 6 லட்சத்துக்கும் மேல் தொழிற்சாலைகளை விட்டு வெளியேறின. எங்களுடையதும் அந்த அவசரத்தில் பிறந்ததுதான். கதவருகே ஒட்டியிருக்கும் ஆர்விஐஏ என்ற தொழில்துறைச் சங்கத்தின் முத்திரையைத் தரச்சான்று என்று நினைப்பவர்கள் உண்டு. அது மின்சாரம், எரிவாயு, குழாய், தீப்பாதுகாப்பு விதிகளுக்கானது. மூட்டுகளை யார் எப்படி அடைத்தார்கள் என்பதை அது சொல்லாது.

ஃபைபர்கிளாஸ் சுவரில் இன்னொரு ஆபத்து உண்டு. வெளித்தோலுக்குப் பின்னால் மெல்லிய லுவான் ஒட்டுப்பலகை இருந்தால், ஈரம் பட்டதும் பசை விட்டு, சுவர் அப்பளம்போல் உப்பிவிடும். அதற்குப் பிறகு பழுதுபார்ப்புச் செலவு வண்டியின் மதிப்பையே விழுங்கலாம். அஸ்டெல் எனப்படும் மரமில்லாத கலவைப் பலகை ஊறாது. புதிதாக வாங்குகிறவர்கள் விற்பனையாளரிடம் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஆனால் பலகை ஊறாவிட்டாலும் உள்ளே மரச்சட்டம் இருந்தால் அது ஊறும்.

விளிம்புப் பட்டையைக் கழற்றி, உளுத்த சட்டத்தை மாற்றி, புதிய பியூட்டைல் டேப் வைத்து, நாங்களே திருகினோம். கூரையின் கிடைமட்டப் பகுதிகளில் தானாகப் பரவும் டைகார் என்ற பிராண்டு சீலன்ட், செங்குத்தான இடங்களில் வழியாத வகை பூசினோம். சிலிக்கோனைக் கூரையில் நெருங்கவிடக் கூடாது. அதன் மேல் பிறகு எதுவும் ஒட்டாது. கூரை விரிப்பான ஈபிடிஎம் வகை ரப்பரைப் பெட்ரோலியக் கலவை கொண்டு துடைத்தால் அது கெட்டுவிடும். பிறகு அழுத்தச் சோதனை செய்யும் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். கூரைத் துவாரத்தில் ஊதுகருவியைப் பொருத்தி உள்ளே காற்றை நிரப்பி, வெளியே மூட்டுகளில் சோப்புநீர் தெளிக்கிறார்கள். குமிழி வரும் இடமெல்லாம் ஓட்டை. முன்புற மேல்விளிம்பில் இருக்கும் அந்தச் சிறு மஞ்சள் விளக்குகளைச் சுற்றிக் குமிழி பொங்கியதைப் பார்த்து என் மனைவி அசந்துபோனார். இந்தச் சோதனைக்குக் கொடுத்த பணத்தைப் போல் பயனுள்ள செலவை இந்த வண்டிக்கு நான் செய்ததில்லை.

உட்குழாய்க் கசிவு வேறு வகை. எல்லாக் குழாய்களையும் மூடிய பின்பும் பம்ப் அவ்வப்போது ஓடினால் எங்கோ கசிகிறது. எங்களுக்குத் தொட்டிக்கடியில் ஒரு பிளாஸ்டிக் இணைப்பு சாலை அதிர்வில் தளர்ந்திருந்தது. கையால் முடுக்கியதோடு சரியானது. முகாமிடங்களின் நீரழுத்தம் சில சமயம் மிக அதிகமாக இருக்கும் என்பதால் 45 பிஎஸ்ஐ கட்டுப்படுத்தி இல்லாமல் இணைப்பதில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு என் பரிந்துரை, மூட்டுகள் குறைந்த வண்டி. இரண்டு ஃபைபர்கிளாஸ் ஓடுகளை ஒன்றுசேர்த்துச் செய்யும் ஸ்காம்ப், கசீட்டா போன்றவை சிறியவை, ஸ்லைடு கிடையாது. இருந்தும் மழைக்கு அவற்றில் வழி குறைவு. இடம் போதாதென்றால், பழைய வண்டியை ஈரமானியோடு போய்ப் பாருங்கள். ஜன்னல்களின் கீழ்மூலைகள், அலமாரிகளின் உள்பக்கம், கட்டிலுக்கடியில், ஸ்லைடின் தரை ஓரங்கள் எல்லாவற்றிலும் வைத்துப் பார்க்க வேண்டும். புதிதாகப் பெயின்ட் வாசனை அடித்தால் அந்த இடத்தில் இரண்டு முறை. புதிய வண்டியென்றால், சான்றுபெற்ற தனி ஆய்வாளர் அறிக்கை கைக்கு வரும்வரை கடைசிக் கையெழுத்தைப் போடாதீர்கள். விற்பனையாளர் அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

எங்கள் சுவர் இப்போது காய்ந்திருக்கிறது. ஸ்லைடின் மேல்விளிம்பு ரப்பர் மட்டும் இறுகத் தொடங்கிவிட்டது. குழாய்களில் உறைதடுப்புத் திரவம் ஏற்றுவதற்கு முன் இந்த இலையுதிர்காலத்தில் அதை மாற்ற வேண்டும்.