விக்டோரினாக்ஸ் ஃபைப்ராக்ஸ் 20 செ.மீ. செஃப் கத்தி: கொடுக்கிற காசு எதற்கு?

தடித்த கேரட் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். கத்தி பாதி இறங்கியதும் 'டக்' என்று சத்தம் வந்து கேரட் பிளந்தால், அதைக் கூர் வெட்டவில்லை. கூருக்குப் பின்னால் இருக்கும் தடிமன் ஆப்பு மாதிரி இறங்கிப் பிளந்திருக்கிறது. கடையில் கத்தி வாங்கும்போது பிடியைப் பார்க்கிறோம், பளபளப்பைப் பார்க்கிறோம், கனத்தைத் தூக்கிப் பார்க்கிறோம். கேரட்டைப் பிளக்கும் அந்தத் தடிமனை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் நிறுவனம் செய்யும் இந்த ஃபைப்ராக்ஸ் கத்தி ஜெயிப்பது அங்கேதான். பிடியருகே முதுகு சுமார் 2 மி.மீ. கனம். அங்கிருந்து கூர்வரைக்கும், முனைவரைக்கும் சீராக மெலிந்துகொண்டே போகிறது. கேரட்டில் சத்தமே வராது. வெங்காயத்தைப் பொடியாக அரியும்போது படுக்கைவாட்டில் கத்தியை விட்டால் அடுக்குகள் நகராமல் நிற்கும். மொத்த எடை 200 கிராமுக்கும் குறைவு. இதே நீளத்தில் கனமான ஜெர்மன் கத்திகள் 250 கிராமைத் தொடும். ஒரு வீட்டுக்குப் பொரியல் நறுக்கும்போது இந்த வித்தியாசம் தெரியாது. ஐந்து கிலோ பீன்ஸ் அரிந்து முடித்த மணிக்கட்டுக்குத் தெரியும்.

இது தகட்டிலிருந்து வெட்டியெடுத்த கத்தி, அடித்து உருவாக்கியது இல்லை. அதனால் மட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் காலத்துப் பட்டறைக்கு அந்தக் கணக்கு சரி. இன்றைய தொழிற்சாலைக் கத்தியில் தரத்தைத் தீர்மானிப்பது எஃகும், சூடாக்கிக் குளிரவைத்து அதற்குக் கொடுக்கும் பதமும், தீட்டிய வடிவமும்தான். இதில் இருப்பது எக்ஸ்50சிஆர்எம்ஓவி15 வகை எஃகு. பெயரே சரக்கைச் சொல்லிவிடும்: 50 என்றால் கார்பன் 0.50 சதவீதம், 15 என்றால் குரோமியம் ஏறத்தாழ 15 சதவீதம். கூடவே கொஞ்சம் மாலிப்டினம், வனேடியம். ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்து வூஸ்ட்ஹாஃப் கிளாசிக் வரிசையிலும் இதே எஃகுதான். விலையில் ஃபைப்ராக்ஸ் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

அப்படியானால் மீதிக் காசு எதற்கு? ஒன்று, கூடுதல் பதம். எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவையில் வூஸ்ட்ஹாஃப் 58 சொல்கிறது, விக்டோரினாக்ஸ் 55–56. இந்த இரண்டு மூன்று புள்ளிக்குக் கூர் சற்று அதிக நாள் நிற்கும். இரண்டு, பிடிக்கும் அலகுக்கும் நடுவே இருக்கும் எஃகுக் கட்டி. பார்க்க ராஜகளை. ஆனால் அந்தக் கட்டி கூர்வரைக்கும் இறங்கியிருந்தால், கல்லில் தீட்டும்போது குதிகால் பக்கம், அதாவது பிடியை ஒட்டிய கூரின் கடைசிப் பகுதி, தேயாது. சில வருடத்தில் அதன் முன்னால் விளிம்பு குழிந்து, பலகைக்கும் கூருக்கும் இடைவெளி விழும். கொத்தமல்லி நறுக்கினால் தழை அறுபடாமல் தோரணம் மாதிரி தொங்கும். கட்டி இல்லாத ஃபைப்ராக்ஸில் குதிகால் முதல் முனைவரை முழுதாகத் தீட்டலாம்.

குறையையும் சொல்ல வேண்டும். 55–56 என்பது மென்மையான பதம். இந்த எஃகு உடையாது, மடங்கும். தக்காளித் தோலில் கத்தி வழுக்க ஆரம்பித்தால் கூர் தேய்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அளவு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதை நிமிர்த்தத்தான் ஸ்டீல் ராடு. ராடைப் பலகையில் செங்குத்தாக ஊன்றி, பக்கத்துக்கு நான்கைந்து தடவை, கத்தியின் எடையே போதும் என்ற அளவில் இழுத்தால் சரியாகிவிடும். அழுத்தினால் இன்னும் மடங்கும். வீட்டுக்கு வாரம் ஒரு முறை போதும். ஹோட்டல் சமையல்கூடத்தில் தினமும் வேண்டும். ராடு வாங்க மாட்டேன் என்பவருக்கு இந்தக் கத்தி ஒரு மாதத்தில் ஏமாற்றம்தான்.

ராடுக்கும் மசியவில்லை என்றால் கல். 1000 கிரிட் தண்ணீர்க்கல் ஒன்று போதும் (கிரிட் எண் கூடக்கூடக் கல் நைசாகும்). ஊறவைக்கும் வகை என்றால் குமிழி அடங்கும்வரை தண்ணீரில் போட்டு, ஈரத்துணி மேல் வையுங்கள். பக்கத்துக்கு 15 டிகிரி கோணம். கோணமானி தேவையில்லை. குதிகாலில் அலகின் உயரம் ஏறத்தாழ 5 செ.மீ. என்பதால், முதுகு கல்லிலிருந்து 12–13 மி.மீ. எழும்பியிருந்தால் அதுதான் 15 டிகிரி. ஒரு விரல் கனம். எண்ணிக்கையை நம்பித் தேய்ப்பது வீண். எதிர்ப்பக்கத்தில் பிசிர் எழும்வரை தேய்க்க வேண்டும். பெருவிரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, விளிம்புக்கு வெளியே போகும்படி மெல்லத் தடவினால் நகத்தைப் பிடிக்கிற மாதிரி சொரசொரப்பு தட்டும். அது குதிகால் முதல் முனைவரை விடாமல் தட்டினால்தான் மறுபக்கம் திருப்பலாம். பிறகு அழுத்தம் குறைத்துப் பக்கத்துக்கு ஐந்து இழுப்பு, அப்புறம் மூன்று, கடைசியாக ஒன்று. கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் பின்புறம் பத்து இழுப்பு. பிசிரை எடுக்காமல் விட்டால் காகிதத்தைப் பிரமாதமாக வெட்டும்; இரண்டு வெங்காயத்தில் மறுபடி மொக்கையாகிவிடும். 'நேற்றுத்தான் தீட்டினேன், இன்றைக்கே போச்சு' என்கிற புகாரில் பாதி இதனால் வருவது.

3000, 6000 கல் எல்லாம் இந்த எஃகுக்கு வீண் செலவு. 1000 கிரிட் விடும் நுண்ணிய பற்கள்தான் தக்காளித் தோலைக் கவ்வும். தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். தண்ணீர் இல்லாமல் பொறி பறக்கத் தேய்க்கும்போது மெல்லிய விளிம்பு சூடேறிப் பதம் இறங்கிவிடும். இடுக்கில் கத்தியை விட்டு இழுத்துத் தீட்டும் சின்னக் கருவியும் அவசரத்துக்குத்தான். அது எஃகைச் சுரண்டி எடுக்கிறது, விளிம்பு ரம்பம் மாதிரி கிழிந்து நிற்கும்.

பிடியைப் பற்றி: அழகு இல்லை. கறுப்புப் பிளாஸ்டிக், ஆஸ்பத்திரிச் சாமான் மாதிரி. ஆனால் எண்ணெய்க் கையிலும் மீன் அலசிய கையிலும் வழுக்காது. ஆணி கிடையாது, அழுக்கு சேரும் இடுக்கு கிடையாது. ஒரு குறை உண்டு. ஆள்காட்டி விரலையும் பெருவிரலையும் அலகிலேயே வைத்துப் பிடிப்பவர்களுக்கு முதுகின் ஓரம் உறுத்தும், நாள்பட்டால் காய்ப்பு விழும். 400 கிரிட் உப்புத்தாளால் பிடியருகே மூன்று செ.மீ. தூரத்துக்கு ஓரத்தை உருட்டிவிட்டால் தீர்ந்தது. பத்து நிமிட வேலை.

எதற்கு ஆகாது? பரங்கிக்காயைப் பிளக்கவும், சேனைக்கிழங்கின் மேல்தோல் சீவவும் இது லேசு. அலகு வளைந்து, வெட்டு கோணிப் போகும். தேங்காய் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். வஞ்சிரத்தை முள்ளோடு துண்டு போடவும் கனமான வெட்டுக்கத்திதான். வாழைக்காய், வாழைப்பூ கறை எஃகைத் தின்னாது, எண்ணெய் தடவித் துடைத்தால் போகும். உப்பும் புளியும் பட்டதை ராத்திரி முழுக்கச் சிங்க்கில் போட்டுவைத்தால்தான் புள்ளி விழும். துருப்பிடிக்காத எஃகு என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. விக்டோரினாக்ஸ் என்ற பெயரின் பின்பாதியான 'இனாக்ஸ்' அந்த எஃகின் பெயர்தான். முன்பாதி, 1884-இல் தொழிலைத் தொடங்கிய கார்ல் எல்சனரின் தாயார் விக்டோரியா.

இதைவிட நல்ல கத்தி இல்லையா? கூர் நிற்பதை மட்டும் பார்த்தால் ஜப்பானின் டோஜிரோ டிபி வரிசை தெளிவாக ஒரு படி மேல். நடுவில் விஜி-10 எஃகு, கடினம் 60 அளவில். ஆனால் அது மடங்காது, பொடியும். நறுக்கிய காயைக் கூராலேயே பக்கவாட்டில் வழித்துத் தள்ளினாலும், கோழி எலும்பில் பட்டாலும் பிறை பிறையாகச் சில்லு போகும். அதை எடுக்கக் கல்லில் அரை மணி நேரம் ஆகும். ஒருவர் மட்டும் தொடும் கத்தி என்றால் வாங்கலாம். நாலு பேர் புழங்கும் அடுப்படிக்கு ஃபைப்ராக்ஸ்தான். சந்தையில் அலை அலையாகக் கோலம் போட்டு 'டமாஸ்கஸ்' என்று மலிவாக வருகிறதே, அதில் எஃகின் பெயரும் கடினமும் போடவில்லை என்றால் அந்தக் கோலம் பெரும்பாலும் மேலே பொறித்த படம், நிஜமான எஃகு அடுக்கு இல்லை.

வாங்கியதும் இரண்டு சோதனை செய்யுங்கள். பிடியைக் கண்ணருகே வைத்து முதுகின் வழியே முனையைப் பாருங்கள், நேர்கோடாக இருக்க வேண்டும். பிறகு கூரை மேலே திருப்பி விளக்கடியில் பிடியுங்கள். கூரான விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பாது. எங்காவது வெள்ளைப் புள்ளி மின்னினால் அங்கே மொக்கை. இரண்டில் எது தவறினாலும் பயன்படுத்தாமல் மாற்றிக் கேளுங்கள்.

மிச்சப்பட்ட காசில் ராடும் கல்லும் போக ஒரு மரப்பலகையும் வாங்குங்கள். கிரானைட் மேடையிலும் எவர்சில்வர் தட்டிலும் வைத்து நறுக்கினால், பலகையில் ஒரு வாரம் நிற்கும் கூர் ஒரு வேளைச் சமையலைத் தாண்டாது.