நெட் மாட்டிக் கொடுத்தவர் வைத்த பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றுங்கள்

நான்கு மாதமாக எங்கள் வீட்டில் நெட் ஊர்ந்துகொண்டிருந்தது. மகளின் ஆன்லைன் வகுப்பு பாதியில் நின்றுவிடும். இணைப்பு கொடுத்தவரைக் கூப்பிட்டேன். முதல் தடவை "லைன்ல பிரச்சினை அக்கா" என்று 300 ரூபாய் வாங்கினார். அடுத்த தடவை "சுவர் தடிமன், ரேஞ்ச் வராது" என்று 1,800 ரூபாய்க்கு சிக்னலைத் தூரம் கொண்டுபோகும் ஒரு ரிப்பீட்டரை மாட்டிவிட்டுப் போனார். ஒன்றும் மாறவில்லை.

போன ஞாயிறு தம்பி வந்திருந்தான். போன் பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து ரூட்டருக்குள் போனான். சில ரூட்டரில் எண் வேறாக இருக்கும். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பாருங்கள். யூசர் நேமும் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். உள்ளே பட்டியலில் 14 கருவிகள். எங்களிடம் இருப்பதோ இரண்டு போன், லேப்டாப், டிவி, அந்த ரிப்பீட்டர். தம்பி போனையும் சேர்த்தால் ஆறு.

தெரியாத பெயரைப் பார்த்ததும் பதறவும் கூடாது. எங்கள் டிவியே ஏதோ ஒரு கம்பெனி பெயரில்தான் நின்றது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்த பிறகு போன்களும் நிஜ மேக் முகவரியை, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்ணை, மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. அதனால் எங்களுடையதை ஒவ்வொன்றாக அணைத்து, எது மறைகிறது என்று பார்த்தோம். அப்புறமும் எட்டு நின்றன.

வைஃபை பாஸ்வேர்டு என் செல் நம்பர். "இதுதான் மறக்காது அக்கா" என்று அவரே வைத்தது. நான் தையல் வேலை செய்கிறேன். கேட்டில் தொங்கும் பலகையில் அதே நம்பர், சிவப்புப் பெயிண்டில். வயிறு கலங்கிவிட்டது. என் இணைப்பில் யார் என்ன தப்பு செய்தாலும் போலீஸ் முதலில் தேடி வருவது என்னைத்தானே?

இரண்டு பாஸ்வேர்டையும் மாற்றினோம். பாஸ்வேர்டு அடிக்காமலே கருவியை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்தோம், அதன் எட்டு இலக்கப் பின் நம்பரை சுமார் 11,000 முயற்சிக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011லேயே வெளிவந்த விஷயம். ரிப்பீட்டரைக் கழற்றியாயிற்று, அது இல்லாமலே நெட் நன்றாக ஓடுகிறது. எங்கள் கருவிகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சேர்த்து, பட்டியலில் தெரிந்த முகவரிகளை அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். புதிதாக ஒன்று நுழைந்தால் ஒப்பிட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவரே போன் செய்தார். "அக்கா, பாஸ்வேர்டு மாத்திட்டீங்களா?"

நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.